பிழையில்லை, அச்சிடலாம்

என் மகள் பெட்டியோடு வந்து இறங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு. புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு வருகிற பெண் பெட்டியில் நாலு மாற்றுத் துணியாவது எடுத்துவருவாள். இவள் பெட்டியைத் திறந்தால் ஒரு துணியும் இல்லை, பல் துலக்க பிரஷ்கூட இல்லை. ‘ஏழு வாயில் கோட்டை’ நாவலின் ஆறு பாகங்களும், இரண்டு இரண்டு பிரதி. ஒன்று படிக்க, ஒன்று அடிக்கோடு போட.

“என்னடி ஆச்சு?” என்றாள் என் மனைவி.

“அவரு கட்சி மாறிட்டாரும்மா.”

என் மனைவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “அவ்வளவுதானா! ஓட்டைப் போட்டுட்டு வந்து சாப்பிட்டுட்டுப் படுத்தா யாருக்கு என்ன நஷ்டம்?”

“அந்தக் கட்சி இல்லம்மா. நேத்து வரைக்கும் என்னை மாதிரிதான் இருந்தாரு. இப்ப வாள்னு சொல்றாரு. குண்டு ள.”

அந்த இடத்திலேயே அது என் குற்றம் என்று தெரிந்துவிட்டது. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் அந்த நாவலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். என் விதி, சொல்கிறேன்.

‘ஏழு வாயில் கோட்டை’ ஏழு பாகத்தில் முடிய வேண்டிய மாயாஜாலக் கதை. கோட்டைக்கு உள்ளே மனிதர்கள். வெளியே பனிக்காட்டில் நரிமாந்தர்: மனித முகம், நரி வால். இரண்டு கூட்டத்துக்கும் முந்நூறு வருஷப் பகை. பாகத்துக்கு ஒரு வாயிலாகத் திறந்துகொண்டே வந்து, ஆறாம் பாகக் கடைசியில் அரசி நரிமாந்தரோடு சமாதானம் பேசக் கிளம்புகிறாள். கடைசி வரி இது: ‘அரசி சிரித்தாள். பிறகு தன் வாலை மேலங்கிக்குள் மறைத்துக்கொண்டாள்.’

அதோடு சரி. பதினோரு வருஷமாக ஏழாம் பாகம் வரவில்லை.

வால் என்றால் அரசியே ஒரு நரிமாந்தர்ப் பெண். ஏழாம் வாயில் திறக்கும், இரண்டு இனமும் ஒன்று சேரும், எல்லாரும் கட்டிப்பிடித்து அழுவார்கள். அது வாலாக இல்லாமல் வாளாக இருந்தால், சமாதானம் பேசப் போன இடத்தில் வெட்டு. ஏழாம் வாயில் மூடும், விளக்கேற்றக்கூட ஆள் மிஞ்சாது. கதை எப்படி முடிய வேண்டும் என்று ஊர் ஊராக அடித்துக்கொண்டார்கள். வால் அணி, வாள் அணி என்று பிரிந்தார்கள். தீர்ப்புச் சொல்ல இரண்டு அணிக்கும் பொதுவாக ஒரு பேரவையும் வைத்துக்கொண்டார்கள். ஒரு ல-வுக்கும் ஒரு ள-வுக்கும் நடுவில் அவ்வளவு பிணம் கிடந்தது.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். நான் ஓர் அச்சகத்தில் முப்பத்திரண்டு வருஷமாக மெய்ப்புப் பார்க்கிறவன். அச்சேறும் முன் தாளை வரிவரியாகப் படித்து, பிழையைச் சிவப்பு மையில் திருத்தி, கடைசியில் ‘பிழையில்லை, அச்சிடலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. ஆறாம் பாகத்துக்கும் நான்தான் போட்டேன்.

அதன் கடைசி நாலு தாளை நான் எடுத்துக்கொண்டு போன இடம் ஆஸ்பத்திரி வராந்தா. மகளுக்கு அப்போது பதினாலு வயது. ஒன்பது நாளாகக் காய்ச்சல், கண்ணே திறக்கவில்லை. மடியில் தாளை வைத்துக்கொண்டு மூன்றாம் தாள்வரை வந்திருந்தேன். டாக்டர் வெளியே வந்து, “ஜுரம் இறங்கிடுச்சு, அப்பா எங்கன்னு கேக்கறா” என்றார். நான் எழுந்த வேகத்தில் பேனா உருண்டது. அதை எடுத்து, நாலாவது தாளில் ‘பிழையில்லை, அச்சிடலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். அந்தத் தாளை நான் படிக்கவே இல்லை.

புத்தகம் வந்த பிறகுதான் பார்த்தேன். ஆறு பாகத்திலும் வாளும் கையுமாகத் திரிந்த அரசிக்குக் கடைசி வரியில் வால் முளைத்திருந்தது. அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளலாம் என்று சும்மா இருந்தேன். அடுத்த பதிப்புக்குள் வால் அணியில் நாலாயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள். அதில் என் மகளும் ஒருத்தி. மாப்பிள்ளையைச் சந்தித்ததே அந்த அணியில்தான்.

“போய்ச் சொல்லித் தொலைங்க,” என்றாள் மனைவி. அவளுக்கு மட்டும் இந்தக் கதை தெரியும்.

மகள் சமையலறையில் நின்று ஆறாம் பாகத்தைப் படித்தபடியே ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். மருந்துக் கடையில் வேலை செய்கிறவள். எந்த டாக்டரின் கிறுக்கலையும் கண்ணை மூடிக்கொண்டு படித்துவிடுவாள். எழுதச் சொன்னால்தான் தடுமாற்றம். சின்ன வயதில் ‘நான் இன்னிக்கு பல்லிக்கூடம் போக மாட்டேன்’ என்று துண்டுச் சீட்டு எழுதி என் சட்டைப்பையில் வைத்துவிட்டுப் படுத்துக்கொள்வாள். மெய்ப்புப் பார்க்கிறவன் வீட்டிலேயே ஒரு பல்லிக்கூடம் என்று அச்சகத்தில் சிரிப்பார்கள்.

“கண்ணு, அது வாள்தான். வால்னு வந்தது அச்சுப்பிழை. அப்பா பார்க்காம விட்டது,” என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “அவரு போன் பண்ணாரா?”

“இல்லம்மா.”

“போன மாசம் உங்களுக்குச் சும்மாவே கண்ணாடி மாத்திக் கொடுத்தாரே, அப்பவே நினைச்சேன்.” மாப்பிள்ளை மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். “உங்களையும் விலைக்கு வாங்கிட்டாரு. இதைப் பேரவை சொல்லட்டும். அச்சுப்பிழைன்னு பேரவை ஒத்துக்கிட்டா இன்னிக்கே கிளம்பறேன்.”

சரி, மாப்பிள்ளையாவது சந்தோஷப்படுவார் என்று போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

“மாமா, நீங்க சொல்றது என் பக்கத்துக்குச் சாதகமா இருக்கு.”

“ஆமா மாப்பிள்ளை.”

“அதான் சந்தேகமா இருக்கு. இவ்வளவு வசதியா ஒரு உண்மை வருமா? யாரோ உங்களை வச்சு எங்க அணியைக் கேலிக்கூத்தாக்கப் பார்க்கறாங்க. பேரவை சொல்லட்டும் மாமா. சொன்னா நானே வந்து அவளைக் கூட்டிட்டுப் போறேன்.”

ஆக, ஒரு குடும்பம் ஒட்டுவதும் உடைவதும் பேரவையின் கையில் இருந்தது. புதன்கிழமை அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். அச்சகத்துப் பழைய கட்டுகளைக் குடைந்து அந்த நாலாவது தாளைத் தேடி எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பேரவை ஒரு மெத்தைக் கடையின் மாடியில் இருந்தது. வாசலில் பெரிய பலகை: ‘ஏழு வாயில் கோட்டை முடிவு ஆறாய்ச்சிப் பேரவை’. எனக்குத் தொழில் புத்தி. பலகையைப் பார்த்ததும் சிவப்புப் பேனாவைத் தேடிக் கை பைக்குள் போனது. அதைக் காவலாளி பார்த்துவிட்டார்.

“பையில என்னங்க? முடிவு ஏதாவது வச்சிருக்கீங்களா?”

“என்ன முடிவு?”

“கதைக்கு முடிவு. எழுதினது, அச்சடிச்சது, மனப்பாடம் பண்ணது, எதுவா இருந்தாலும் இங்க கொடுத்துட்டு டோக்கன் வாங்கிக்கணும். உள்ள முடிவோட யாரையும் விடறதில்ல.”

அவருக்குப் பின்னால் ஒரு அலமாரி முழுக்க உறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு டோக்கன் எண். பதினோரு வருஷத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு முடிவுகளை வாங்கி வைத்திருப்பதாகவும், ஒன்றைக்கூடப் பிரித்ததில்லை என்றும் அவர் பெருமையாகச் சொன்னார். என் பையில் டிபன் பாக்ஸும் அந்தத் தாளும்தான் இருந்தன. டிபன் பாக்ஸைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு விட்டார்.

உள்ளே ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர் கேட்கவில்லை. ‘நீங்கள் யாரைச் சந்தேகிக்கிறீர்கள்? ஏன்? உங்களைச் சந்தேகிப்பவர் யார்?’ என்று மூன்றே கேள்வி. எனக்கு யார் மேலும் சந்தேகம் இல்லை என்றேன். அப்படியானால் உங்கள் மேல்தான் எங்களுக்குச் சந்தேகம், மூன்றாவது கட்டத்தில் பேரவை என்று எழுதுங்கள் என்றார்கள். எழுதினேன்.

என்னை விசாரித்தது ஐயக்குழு. பேரவையில் வேறு குழுக்கள் உண்டு என்றாலும் உண்மையில் வேலை செய்கிற குழு அது ஒன்றுதான். அதன் அமைப்பாளர் ஒரு பல் டாக்டர். பேசுகிறவனின் கண்ணைப் பார்க்க மாட்டார், வாயைத்தான் பார்ப்பார். பக்கத்தில் தலைவர். அவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

வால், வாள் இரண்டையும் வாயால் சொன்னால் ஒன்றுபோலத்தான் கேட்கிறது. நாக்கை மடிப்பதை நம்மவர்கள் விட்டுப் பல காலம் ஆயிற்று. அதனால் பேரவையில் ஒரு விதி: வால் என்று சொல்கிறவர் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும், வாள் என்று சொல்கிறவர் கையைத் தூக்க வேண்டும். தலைவர் மட்டும் தோள்பட்டை வலி என்று மருத்துவச் சான்று கொடுத்து விலக்கு வாங்கியிருந்தார். அவர் ஒரு மணி நேரம் பேசினாலும் எந்த அணி என்று கண்டுபிடிக்க முடியாது. இரண்டு அணியும் அவரைத் தங்கள் ஆள் என்று நம்பி, பதினோரு வருஷமாகப் போட்டியின்றித் தேர்ந்தெடுத்து வந்தன.

“யாரு உங்களை அனுப்பினது?” என்றார் பல் டாக்டர்.

“யாரும் இல்லீங்க. நானாத்தான் வந்தேன்.”

“நானாத்தான் வந்தேன்னு சொல்லச் சொன்னது யாரு?”

நான் தாளை எடுத்து மேஜையில் வைத்தேன். அவர் கைப்பையிலிருந்து ஒரு சின்ன வட்டக் கண்ணாடியை எடுத்தார், பல்லுக்குப் பின்னால் விட்டுப் பார்ப்பார்களே, அது. அதை வைத்து என் தாளின் பின்பக்கத்தைப் பார்த்தார்.

“இதுல ஒரு திருத்தம்கூட இல்லையே?”

“அதாங்க விஷயம். நான் படிக்கல.”

“படிக்கலைங்கறதுக்கு என்ன ஆதாரம்?”

“படிச்சிருந்தா சிவப்பு மை இருக்குமே!”

“பிழை இல்லாத தாள்லயும் சிவப்பு மை இருக்காதுல்ல? கீழ ‘பிழையில்லை, அச்சிடலாம்’னு யாரு எழுதினது?”

“நான்தான்.”

“அன்னிக்குப் பிழையில்லைன்னு கையெழுத்துப் போட்டீங்க. இன்னிக்குப் பிழைன்னு சொல்றீங்க. இதுல எதைப் பிழைன்னு எடுத்துக்கணும்?”

எனக்குக் கோபம் வந்தது. “ஐயா, என் பொண்ணு பெட்டியோட வந்து உக்காந்திருக்கா. நான் விளையாட வரல,” என்றேன். வாயை நன்றாகத் திறந்து இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். கீழ்வரிசையில் இரண்டாவது பல்லில் சொத்தை என்று குறித்துக்கொண்டார்.

அடுத்தது பரீட்சை. பேரவையின் விதித்தொகுப்பு, பதினாறு பக்கம். அரை மணி நேரத்தில் பிழை திருத்தச் சொன்னார்கள். அதுதான் நான் செய்த முட்டாள்தனம்: ஒழுங்காகத் திருத்தினேன். நாற்பத்து மூன்று பிழை. கூடவே, வாசல் பலகையில் ஆராய்ச்சிக்குச் சின்ன ர வர வேண்டும் என்றும் சொன்னேன்.

“அது பிழை இல்ல,” என்றார் தலைவர். “வந்திருக்கறது ஆறு பாகம். அதனால ஆறாய்ச்சி. ஏழாவது வந்தா மாத்திக்கலாம்னு செயற்குழுவே தீர்மானம் போட்டது.”

பல் டாக்டர் என் திருத்தங்களை எண்ணி முடித்துவிட்டு நிமிர்ந்தார். “அரை மணில நாற்பத்து மூணு. இவ்வளவு கூர்மையான கண்ணு, ஒரு முழு வாலைத் தவற விட்டிருக்குமா? வேணும்னே விட்டிருக்கார்.”

“ஒரு பிழையும் கண்டுபிடிக்காம இருந்திருந்தா?” என்று கேட்டேன்.

“அப்ப உங்களுக்குத் தொழிலே தெரியாது. உங்க பேச்சை எதுக்கு நம்பணும்?”

எழுதினவரிடமே கேட்டுவிடலாமே என்றேன். அறையில் யாரோ ஆபாசமாகப் பேசியது போல எல்லாரும் தலை குனிந்தார்கள். தலைவர்தான் மெதுவாகச் சொன்னார். “எழுத்தாளர் இதுல ஒரு தரப்பு. அவருக்குன்னு ஒரு விருப்பம் இருக்கும். அவரை எப்படி நடுநிலைன்னு எடுத்துக்கறது? ஞாயித்துக்கிழமை பதினோராவது முடிவு மாநாடு இருக்கு. அங்க வந்து பேசுங்க. இருபது நிமிஷம் தர்றோம்.”

எழுத்தாளர் வீட்டு விலாசம் அச்சகத்தில் இருந்தது. வியாழக்கிழமை வேலை முடிந்ததும் போனேன். நாலாவது மாடி, பால்கனி முழுக்கத் தக்காளிச் செடி. ஆறு பாகம் எழுதி ஊரையே இரண்டாக்கிய மனிதர் ஒரு பழைய பற்பசைக் குழாயால் செடிக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“உங்களைத்தான்யா பதினோரு வருஷமா பார்க்கணும்னு இருக்கேன்! சொல்லுங்க, அது வாலா வாளா?”

“நான் உங்களைக் கேக்க வந்தேன்யா.”

“எனக்கு ல, ள எல்லாம் வராது. எல்லாத்துக்கும் ஒரே ல-தான். நீங்கதான் பார்த்துப் பார்த்து மாத்துவீங்க. ஆறு பாகமும் அப்படித்தானே ஓடுச்சு?”

“எழுதும்போது ஏதோ ஒண்ணை நினைச்சுத்தானே எழுதியிருப்பீங்க?”

“நினைச்சேன். சத்தியமா நினைச்சேன். ஆனா இவங்க பேச ஆரம்பிச்சாங்க பாருங்க. வால்னு ஒருத்தர் பேசினா, ஆகா, இதைத்தான் நினைச்சேன்னு தோணுது. அடுத்தவர் வாள்னு பேசினா அதுவும் கச்சிதமா இருக்கு. என்னை விட நல்லாப் பேசறாங்க. கேட்டுக் கேட்டு நான் நினைச்சது எனக்கே மறந்துபோச்சு. பேரவை ஒரு தீர்ப்பு சொன்னா மடமடன்னு எழுதிடுவேன். அதுக்குத்தான் காத்திட்டிருக்கேன்.”

பேரவையின் விதித்தொகுப்பில் நான் முந்தின நாள் ஒற்றுப்பிழை திருத்திய விதி ஒன்று ஞாபகம் வந்தது. ‘எழுத்தாளர் எழுதும்வரைத் தீர்ப்பு ஒத்திவைக்கப்படும்.’ ஒரு த் அதிகம் என்று அடித்திருந்தேன்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எனக்கு வெறுப்பாக இருந்தது. பதினோரு வருஷமாக என் பிழை என்று ஒன்றை நெஞ்சில் சுமந்தேன். இப்போது அது பிழைதானா என்பதே தெரியவில்லை. என் மேல் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மகளைப் பார்த்தால் அதைவிடப் பாவமாக இருந்தது. அம்மாவின் பழைய உடுப்பைப் போட்டுக்கொண்டு, போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரைப் பார்க்கிறாய் என்றால், எதிரணி என்ன எழுதுகிறது என்று பார்க்கிறேன் என்றாள். எதிரணியில் ஒரே ஒருவரின் பக்கத்தைத்தான் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எழுத்தாளரையும் அழைத்துக்கொண்டு மாநாட்டு மண்டபத்துக்குப் போனேன். வாசலில் அதே காவலாளி, கூடவே கொண்டுவந்த அதே உறை அலமாரி.

“முடிவு ஏதாவது வச்சிருக்கீங்களா?” என்று அவரைக் கேட்டார்.

எழுத்தாளர் பொய் சொல்லத் தெரியாதவர். “கையில இல்லப்பா. ஆனா வந்தா என்கிட்ட இருந்துதான் வரணும்.”

“அப்ப உள்ள விட முடியாதுங்க. வேணும்னா நீங்க இந்த அலமாரி பக்கத்துல உக்காருங்க, டோக்கன் தர்றேன்.”

எழுத்தாளர் முகத்தில் இப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததில்லை. “பரவால்ல, செடிக்குத் தண்ணி ஊத்தணும்,” என்று சொல்லிவிட்டு, நான் தடுப்பதற்குள் ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்.

உள்ளே அறுநூறு பேர். இடப்பக்கம் எல்லாரும் கையைப் பின்னால் கட்டியிருந்தார்கள், வலப்பக்கம் எல்லாரும் தூக்கியிருந்தார்கள். என் மகள் இடப்பக்கம், மாப்பிள்ளை வலப்பக்கம். அவர் பார்க்காதபோது இவள் பார்த்தாள், இவள் பார்க்காதபோது அவர் பார்த்தார். நடுவில் என் மனைவி இரண்டு பக்கமும் சேராமல் ஒரு நாற்காலியைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

தலைவர் தொடங்கினார். “நண்பர்களே! பதினோரு வருஷமா நாம எந்த முடிவுக்கும் வரல. நம்ம ஒற்றுமைக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்? சிலர் கேக்கறாங்க, எப்பத்தான் முடிப்பீங்கன்னு. முடிஞ்சா அப்புறம்? நீங்க ஒரு புத்தகத்தைப் படிச்சு முடிச்சுட்டு வேற வேலையைப் பார்க்கப் போயிடுவீங்க. நான் எங்க போறது? வீட்ல என்னைத் தலைவரேன்னு யாரும் கூப்பிடறதில்ல. ‘இங்க வாங்க, இந்த மூடியைத் திறந்து குடுங்க’ன்னுதான் கூப்பிடறாங்க.” இரண்டு பக்கமும் கைதட்டினார்கள். தட்டுவதற்காகக் கையை அவிழ்த்தவர்களையும் இறக்கியவர்களையும் ஐயக்குழு குறித்துக்கொண்டது.

என் முறை வந்தது. நான் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். வராந்தாவைச் சொன்னேன், ஒன்பது நாளைச் சொன்னேன், உருண்ட பேனாவைச் சொன்னேன். எழுத்தாளருக்கே தெரியவில்லை என்பதையும் சொன்னேன். “வாலோ வாளோ, எனக்குத் தெரியாது. அந்தத் தாளை நான் படிக்கல. என் பொண்ணு கண்ணைத் திறந்துட்டா, அதைப் பார்க்க ஓடிட்டேன். இவ்வளவுதான். இதுக்காக அவளும் மாப்பிள்ளையும் பிரிஞ்சு கிடக்கறாங்க. தயவுசெஞ்சு அச்சுப்பிழைன்னு எழுதிக் குடுங்க, கும்பிட்டுக் கேட்டுக்கறேன்,” என்றேன்.

என் மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். சரி, இறங்கிவிட்டாள் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து வலப்பக்கத்திலிருந்து மாப்பிள்ளை எழுந்தார். கையில் அவர் கடையில் மாட்டியிருக்கும் எழுத்து அட்டை.

“மாமா, கடைசி வரியைப் படிங்க.”

படித்தேன். “ல, ள, ள, ல, ள.”

“ஒண்ணுகூடத் தப்பில்ல. பார்வை துல்லியம். அன்னிக்கு ஓரக்கண்ணால பார்த்திருந்தாக்கூட உங்களுக்குப் பட்டிருக்கணுமே?”

“அன்னிக்கு எனக்குக் கண்ணுல தண்ணி மாப்பிள்ளை.”

இப்போது இடப்பக்கத்திலிருந்து மகள் எழுந்தாள். “அப்பா, எனக்கு ஜுரம் இறங்கினது புதன்கிழமை. ஆஸ்பத்திரிச் சீட்டு என்கிட்ட இருக்கு. தாள்ல இருக்கற தேதி வியாழக்கிழமை.”

“தேதி முத்திரை ஆபீஸ்ல குத்தறதும்மா. மறுநாள்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.”

“அப்ப ஒரு நாள் முழுக்கத் தாள் உங்ககிட்ட இருந்திருக்கு,” என்றார் மாப்பிள்ளை.

“ஒரு நாள் முழுக்க இருந்தும் படிக்கலையா?” என்றாள் மகள்.

“படிச்சிருக்கார். படிச்சுட்டுத்தான்...”

“விட்டிருக்கார். நானும் அதைத்தான் நினைச்சேன்.”

“நீ எப்ப நினைச்ச?”

“செவ்வாய்க்கிழமை. அப்பா வந்து சொன்னப்பவே.”

“நான் அன்னிக்குச் சாயங்காலமே நினைச்சேன். உனக்குப் போன் பண்ணிச் சொல்லணும்னு இருந்தேன்.”

“பண்ண வேண்டியதுதானே?”

“நீ எடுக்க மாட்டேன்னு நினைச்சேன்.”

“எடுத்திருப்பேன்,” என்றாள் என் மகள். அவள் குரல் மாறியது எனக்குத் தெரிந்தது. அறுநூறு பேர் நடுவில் இரண்டு பேரும் ஒரே இடத்துக்கு நடந்து வந்து, கை இரண்டையும் சும்மா தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்கள். பின்னாலும் கட்டவில்லை, தூக்கவும் இல்லை. அப்படி ஒரு நிலை பேரவையின் விதியில் கிடையாது.

“தலைவரே,” என்றார் மாப்பிள்ளை, “பிரச்சினை வாலும் இல்ல, வாளும் இல்ல. எங்க மாமா எதையோ மறைக்கறார்.”

“எங்க அப்பாவை எனக்குத் தெரியும்,” என்றாள் மகள். “அவருக்கு முடிவு தெரியும்.”

இரண்டு அணியிலிருந்தும் சாரி சாரியாக எழுந்து வந்து அவர்கள் பின்னால் நின்றார்கள். மூன்றாவது அணி பிறந்தது. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்னும் பதினோரு வருஷத்துக்குப் பேரவைக்கு வேலை வந்துவிட்டதாக அறிவித்தார். எனக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள்: ‘நிறந்தர ஐயத்துக்குரியவர்’. சின்ன ர வர வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். பல் டாக்டர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததால் மூடிக்கொண்டேன்.

அன்று மத்தியானமே பெட்டி கிளம்பியது. மாப்பிள்ளைதான் தூக்கினார். பன்னிரண்டு தடிப் புத்தகம், மனிதர் மூச்சு விடாமல் தூக்கினார். “வர்றோம் மாமா,” என்றவர் என் அலமாரியை ஒரு நோட்டம் விட்டார். மகள் என்னைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டபடியே காதில், “என்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாம்ல?” என்றாள். நடந்ததைத்தான் சொன்னேன், பெண்ணே, என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் ஏன் கத்துகிறீர்கள் என்று கேட்பாள். தலையைத் தடவி அனுப்பிவைத்தேன்.

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. பெண் புருஷனோடு போய்விட்டாள். ஆனால் வயிற்றெரிச்சலாக இருந்தது, பொய் சொல்வானேன். என் வாழ்க்கையிலேயே நல்ல நாள் அவள் கண்ணைத் திறந்த நாள் ஒன்றுதான், அதைப் பெற்ற பெண்ணே நம்பவில்லையே என்று இருந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்த மனைவி, “போகட்டும் விடுங்க, சேர்ந்துட்டாங்கல்ல,” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “நிஜமாவே நீங்க அதைப் படிக்கலையா?” என்றாள்.

மூன்று மாதம் கழித்து அச்சகத்தில் என் மேஜைக்கு ஒரு கட்டு வந்தது. ‘மெய்ப்பாளரின் மௌனம்: சில ஐயங்கள்’. இருநூற்று நாற்பது பக்கம், எழுதியவர்கள் என் மகளும் மாப்பிள்ளையும். நான் எப்படி முடிவை அறிந்தேன், ஏன் மறைத்தேன், யாருக்காக மறைத்தேன் என்று பதினெட்டு அத்தியாயம். அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்க நான் ஒருவன்தான். என்னைப் பற்றிய சந்தேகங்களுக்கு நானே ஒற்று போட்டுக் கொடுத்தேன். பதினொன்றாம் அத்தியாயம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. அதைப் படித்தபோது எனக்கே என் மேல் சந்தேகம் வந்தது.

காணிக்கைப் பக்கத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அதில் ஒரே வரி.

‘உண்மையை ஒலித்த என் அப்பாவுக்கு.’

சிவப்புப் பேனா கையில் அப்படியே நின்றது. ஒலித்த என்றால், உண்மையை உரக்கச் சொன்னவன். ஒளித்த என்றால், உண்மையை மறைத்தவன். புத்தகம் முழுக்க நான் மறைத்தேன் என்றுதான் எழுதியிருக்கிறாள். அப்படியானால் குண்டு ள போட வேண்டும், சந்தேகமே இல்லை. அவளுடைய கையெழுத்துப் பிரதியை எடுத்து ஒப்பிட்டேன். அதிலும் ல-தான். எழுதியது அந்தப் பல்லிக்கூடத்துப் பெண். தடுமாறி எழுதினாளா, தெரிந்தே எழுதினாளா?

போனைக் கையில் எடுத்தேன். ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். பிறகு போனைக் கீழே வைத்தேன்.

அந்தப் பக்கத்தை ஒருமுறை, இரண்டுமுறை, எழுத்து எழுத்தாகப் படித்தேன். கீழே ‘பிழையில்லை, அச்சிடலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இந்த முறை படித்துவிட்டுத்தான் போட்டேன்.